பக்கத்து நிலத்தில் கடை வருகிறது: எதிர்ப்பதா, நிபந்தனை கேட்பதா, காத்திருப்பதா?

மலேசியத் தோட்டப் பட்டணங்களில் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குப் பின்னால் ஓர் ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ செம்பனை நிலம் இருக்கும். சொந்தக்காரர் மரங்களை வெட்டிவிட்டு அங்கே கார் பட்டறையோ, சாப்பாட்டுக் கடையோ, பந்தல் வாடகைச் சாமான் வைக்கும் கொட்டகையோ போட நினைப்பார். விவசாய நிலத்தை வணிகத்துக்கு மாற்ற விண்ணப்பம் போகும். செய்தி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த அன்றே எதிர்ப்புக் கடிதம் ஒன்று தயாராகி, கையெழுத்துக்கு வீடு வீடாகச் சுற்றும். போடுவதா வேண்டாமா என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், ஈயம் எடுத்த பழைய குட்டைகள், ஒரு பக்கம் யுனிசெல் பல்கலைக்கழக வளாகம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தாமானுக்கு மாறி வந்த குடும்பங்கள் பல. அவர்களில் கையில் தொழில் உள்ளவர்களுக்குக் கடைத்தெருவில் கடை எடுக்க வாடகை கட்டுப்படியாகாது. அப்பா காலத்தில் வாங்கிப்போட்ட துண்டு நிலம்தான் ஒரே வழி. அதனால்தான் இந்தச் சண்டை இவ்வளவு வலிக்கிறது. விண்ணப்பிப்பவரும் நம் ஆள், எதிர்ப்பவரும் நம் ஆள், இருவரும் ஒரே கோயில் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள்.

நான் பேசுவது சிறு நிலங்களைப் பற்றி. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலம் கைமாற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலே வேண்டும். அது முற்றிலும் வேறு கதை.

## மூன்று ஒப்புதல்கள்

விவசாய நிலத்தில் முறைப்படி கடை திறக்க மூன்று ஒப்புதல்கள் தேவை. முதலாவது, 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி நகராண்மைக் கழகம் தரும் திட்ட அனுமதி. கவுண்டரில் கெபெனாரான் மெரன்சாங் என்று கேளுங்கள். இரண்டாவது, நிலத்தின் வகையையும் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், எழுதியுள்ள நிபந்தனையையும் மாற்றுவது. இது தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி நில அலுவலகம் வழியாக மாநில அரசு முடிவு செய்வது. மூன்றாவது, கடை நடத்த லைசென்ஸ். அதுவும் நகராண்மைக் கழகத்திடம்தான்.

பக்கத்து நிலத்துக்காரருக்குச் சட்டம் இடம் கொடுப்பது முதல் ஒப்புதலில் மட்டும்தான். நில அலுவலகம் வடிகால், சாலை, திட்டமிடல் போன்ற துறைகளிடம் கருத்துக் கேட்கும். உங்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மூன்றில் மிக நீண்ட காலம் நிலைப்பது அந்த இரண்டாவது மாற்றம்தான். லைசென்ஸ் கடை நடத்துபவருடையது. கிராண்டில் ஏறிய நிபந்தனை நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நாளைக்கு யார் வாங்கினாலும் அவருக்கும் செல்லும். இன்று முறுக்குச் சுட்டு விற்கும் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்கிறோம். பத்து வருடம் கழித்து அவர் பிள்ளைகள் பழைய இரும்பு வியாபாரிக்கு விற்றால், கிராண்டில் வெறுமனே வணிகக் கட்டடம் என்று இருந்தால், அந்தச் சரி அவருக்கும் சேர்த்துத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், உண்மையான தொல்லை எது, அது தீருமா? சத்தமா, லோரியா, வடிகாலில் எண்ணெயா, மழைத் தண்ணீர் உங்கள் பக்கம் திரும்புவதா? "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதை எந்த அதிகாரியாலும் எழுதிக்கொள்ள முடியாது.

இரண்டாவது, நிலம் கைமாறிய பிறகும் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்குமா? மூன்றாவது, சட்டப்படி உங்கள் சொல் ஏறுமா? நான்காவது, பணமும் நேரமும் உறவும் எவ்வளவு செலவாகும்?

ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: உங்கள் சொந்த நிலம். "இந்தப் பகுதி முழுக்க விவசாயமாகவே இருக்க வேண்டும்" என்று இன்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு உங்கள் மகன் வீட்டுப் பக்கத்து நிலத்தில் ஒரு சிறு கடை போட விண்ணப்பிக்கும்போது அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அரை மணி நேர வேலை ஒன்று உண்டு. உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தானில், அந்த லாட், அதாவது நிலத்துண்டு, எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டரசுத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐபிளான் இணைய வரைபடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவிலும் கேட்கலாம். எந்த மண்டலத்தில் எந்தத் தொழிலுக்கு இடம் உண்டு என்ற பட்டியலும் அந்தத் திட்டத்தில் இருக்கும். திட்டத்துக்கு முரணான வளர்ச்சிக்கு அனுமதி தரக் கூடாது என்று நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கழகத்தையே கட்டுப்படுத்துகிறது. அதனால் கீழே உள்ள வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பாதிக்கு மேல் அந்த வரைபடமே சொல்லிவிடும்.

## முதல் வழி: முழு எதிர்ப்பு

விண்ணப்பத்தையே நிராகரிக்கக் கேட்பது. சுற்றி வரும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இது வலுவாக நிற்கும் இடங்கள் உண்டு. உள்ளூர்த் திட்டத்தில் நிலம் விவசாயம் என்று இருந்து, கேட்கும் தொழில் பட்டியலில் இல்லையென்றால் சட்டம் உங்கள் பக்கம். தொழிலின் இயல்பே வீடுகளுக்குப் பக்கத்தில் ஆகாதது என்றாலும் எதிர்ப்பதே சரி: பழைய இரும்பு, பேட்டரி பிரிக்கும் இடம், பெயிண்ட் அடிக்கும் பட்டறை. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்து போகும் ஒற்றைப் பாதைதான் லோரி நுழையும் வழி என்றால் நானும் தயங்காமல் எதிர்ப்பேன்.

மற்ற இடங்களில் இதன் மறைமுகச் செலவு பெரிது. திட்டத்தில் அந்த இடம் ஏற்கெனவே வணிகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், நூறு கையெழுத்தோடு போன கடிதமும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரியோடு முடியும். முழுதாக நிராகரிக்கச் சொல்லிவிட்டு வேறெதுவும் கேட்காததால், அனுமதி கிடைக்கும்போது உங்களுக்காக ஒரு நிபந்தனையும் அதில் இருக்காது. இன்னொன்று: நிராகரிக்கப்பட்டவர் எப்போதும் கடையைக் கைவிடுவதில்லை. விளக்கை மங்க வைத்து, போர்டு மாட்டாமல், அனுமதியில்லாமல் நடத்துவார். அப்போது எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்க ஒரு தாளும் இருக்காது.

சட்டப்படி நோட்டீஸ் பெறும் உரிமையைப் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி பக்கத்து நில உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, எதிர்ப்புச் சொல்ல 21 நாள் கொடுக்க வேண்டும் என்பது உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிகளுக்கு. பக்கத்து நிலம் என்றால் ஒட்டியிருப்பது. அல்லது 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாத சாலையோ வடிகாலோ இடையில் இருப்பது. முட்டுச்சந்தைப் பொதுவாகப் பயன்படுத்துகிறவர் என்றால் 200 மீட்டருக்குள் இருப்பது. திட்டம் உள்ள பகுதியில் அந்தப் பிரிவை நம்பிக் காத்திருக்க முடியாது. கழகம் தன் நடைமுறைப்படி போர்டு வைக்கச் சொல்லலாம், அறிவிப்பு அனுப்பலாம். அது நடக்கிறதா என்று நீங்களே போய்க் கேட்க வேண்டும்.

## இரண்டாவது வழி: நிபந்தனையோடு ஒப்புதல்

என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம். தோட்டப் பட்டணத்தில் வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிறு தொழில்கள். அவற்றின் தொல்லைகளும் பெரும்பாலும் அளந்து, எழுதி, கட்டுப்படுத்தக்கூடியவை.

கழகம் திட்ட அனுமதி தரும்போது நிபந்தனை விதிக்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் கடிதத்தில் "தொல்லை வரும்" என்று எழுதாமல், என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கார் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். நான் கேட்பது இவை:

- வேலை நேரம் காலை 9 முதல் மாலை 7 வரை. ஞாயிற்றுக்கிழமை தட்டல், வெல்டிங் கிடையாது.
- பழைய எஞ்சின் எண்ணெய் மூடிய டிரம்மில், கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில். சட்டப்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது. உரிமம் பெற்றவர்தான் எடுத்துப் போக வேண்டும்.
- வடிகாலில் சேரும் முன் எண்ணெய் பிரிக்கும் தொட்டி.
- நுழைவாயில் பெரிய சாலையிலிருந்து. தாமானின் சிறு சந்து (லோரோங்) வழியாகக் கூடாது.
- வாடிக்கையாளர் வண்டிகள் லாட்டுக்குள்ளேயே நிற்க இடம்.
- வீட்டுப் பக்கம் வேலியும், மரம் வைத்த ஓர் இடைவெளியும்.
- டயர் எரிக்கக் கூடாது.

சாப்பாட்டுக் கடை என்றால் பட்டியல் வேறு: கொழுப்புப் பிரிக்கும் தொட்டி, மூடும் நேரம், பாட்டுச் சத்தம், குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் என்பது.

அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வரி. நிலத்தின் நிபந்தனை மாற்றப்படும்போது அதைக் குறுகலாக எழுதும்படி கேளுங்கள். பொதுவாக வணிகம் என்று எழுதாமல், இன்ன தொழிலுக்கு மட்டும் என்று குறிப்பிட்டு எழுதினால், பிறகு வேறு தொழிலுக்கு மாற்ற விரும்புபவர் மறுபடி மாநில அரசிடம் போக வேண்டும். கிராண்டில் உள்ள இந்த நிபந்தனைக்கு மலாயில் ஷாராத் ஞாத்தா என்பார்கள். கடிதத்தின் ஒரு பிரதியை நில அலுவலகத்துக்கும் கொடுங்கள். அவர்கள் உங்களைக் கேட்கக் கடமைப்படவில்லை என்றாலும், கோப்பில் சேர்ந்த கடிதம் கோப்பில்தான் இருக்கும்.

மறைமுகச் செலவு இதிலும் உண்டு. நிபந்தனை எழுதினால் போதாது, யாராவது கண்காணிக்க வேண்டும். அந்த வேலை வருடக்கணக்கில் உங்கள் தெருவிலேயே ஒருவர் தலையில் விழும். விண்ணப்பிப்பவருக்கும் செலவு கூடும். நிலவகை மாற்றப் பிரீமியம் கட்ட வேண்டும், நிலவரி உயரும், அதற்கு மேல் தொட்டி, வேலி. நீங்கள் அடுக்கும் நிபந்தனைகள் அவர் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அது முழு எதிர்ப்புக்கு வேறு பெயர்தான். அவரோடு ஒருமுறை உட்கார்ந்து, எதைச் செய்ய முடியும் எதை முடியாது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். "அண்ணே, எண்ணெய்த் தொட்டியும் நேரமும் மட்டும் எழுத்தில் வேண்டும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில் பாதிக் கசப்பு போய்விடும்.

## மூன்றாவது வழி: பேசாமல் இருந்து, தொல்லை வந்தால் புகார்

உறவு கெடக் கூடாது என்று நினைப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையிலேயே தொல்லையில்லாத தொழில் என்றால் இது போதும். நாற்றுப் பண்ணை வைப்பவருக்கும், தன் நிலத்து விளைச்சலைச் சுத்தம் செய்து அடைத்து விற்பவருக்கும் எதிராக எழுத என்ன இருக்கிறது? விவசாய நிலத்தில் சொந்த விளைச்சலைப் பதப்படுத்தும் கட்டடத்துக்கு நிலச் சட்டமே இடம் தருகிறது.

மற்ற தொழில்களில், மௌனம் உங்களிடமிருந்து ஒன்றை நிரந்தரமாகப் பறிக்கும். 21-ஆம் பிரிவு பொருந்தும் இடத்தில், எதிர்ப்பைப் பதிவு செய்தவருக்குத்தான் 23-ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக இடம் உண்டு. வாய் திறக்காதவருக்கு அது இல்லை.

புகார் கொடுக்கும்போது எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். லைசென்ஸ் பக்கம் போனால், உள்ளாட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி கழகம் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே லைசென்ஸை மீட்டுக்கொள்ளலாம். அதனால் கடைக்காரர்கள் லைசென்ஸ் புகாரைக் கவனிப்பார்கள். திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். எண்ணெய், கழிவு என்றால் சுற்றுச்சூழல் துறை.

திட்ட அனுமதி இல்லாத வளர்ச்சி என்று புகார் போனால் நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் உள்ள தண்டனை 500,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தொடர்ந்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட் வரை. நில அலுவலகத்தில் நிபந்தனை மீறல் என்று புகார் போனால், சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வரும், அபராதம் வரும். கடைசி எல்லையில் நிலமே அரசுக்குப் பறிமுதலாகலாம். ஒரு குடும்பம் தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலத்தின் மீது, ஒலிபெருக்கிச் சத்தத்துக்காக இந்தக் கடைசி ஆயுதத்தை எடுக்காதீர்கள். சிறிய கதவில் தொடங்குங்கள்.

## நான்காவது வழி: உள்ளூர்த் திட்டத்திலேயே பேசுவது

ஒரு லாட்டைப் பற்றி எல்லோரும் ஓடி வருகிறோம். மாவட்டம் முழுவதற்குமான வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வரைவைப் பார்த்துக் கருத்தோ எதிர்ப்போ சொல்லக் குறைந்தது 4 வாரம் கொடுக்க வேண்டும். நேரில் பேச விரும்புவதாக எழுதினால் விசாரணைக் குழு கேட்கும். திட்டத்தைத் திருத்தும்போதும் இதே முறைதான். இதற்கு நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

இங்கே நீங்கள் கேட்கக்கூடியது ஆளை வைத்தல்ல, இடத்தை வைத்து: சிறு தொழில்களைப் பெரிய சாலையோரம் ஒரு வரிசையாக அனுமதியுங்கள், தாமானுக்கும் பள்ளிக்கும் பின்னால் வேண்டாம் என்று. யார் பெயரும் சொல்லாமல் கேட்பதால் உறவு கெடாது. தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் இதே மேசையில் உட்கார்ந்து தங்களுக்கு இடம் கேட்கலாம். குறை ஒன்றுதான்: காலம். இந்த மாதம் வந்த விண்ணப்பத்துக்கு இது உதவாது.

## ஒரு பார்வையில்

| | முழு எதிர்ப்பு | நிபந்தனையோடு ஒப்புதல் | பிறகு புகார் | உள்ளூர்த் திட்டம் |
|---|---|---|---|---|
| தொல்லை குறையுமா | வென்றால் முழுதாக. தோற்றால் ஒன்றுமில்லை | பெரும்பாலும், கண்காணித்தால் | தாமதமாக | பகுதி முழுக்க |
| நிலம் கைமாறினால் | வென்றால் பாதுகாப்பு | நிபந்தனை குறுகலாக இருந்தால் பாதுகாப்பு | இல்லை | திட்டம் திருத்தப்படும்வரை |
| சட்ட வலு | திட்டத்துக்கு முரண் என்றால் வலு | நல்ல வலு | லைசென்ஸ் பக்கம் வலு | யாரும் பேசலாம் |
| உறவுச் செலவு | அதிகம் | குறைவு | திடீரென்று மிக அதிகம் | ஏறக்குறைய இல்லை |
| உங்கள் நில எதிர்காலம் | கட்டிப்போடும் | திறந்திருக்கும் | தொடாது | நீங்களே வடிவமைக்கலாம் |

நீதிமன்றத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கழகத்தின் முடிவை நீதிமன்றம் ஆராயக் கேட்கும் நீதிமுறை மேலாய்வுக்கு 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வழக்கறிஞர் செலவு ஒரு சிறு கடைக்கு எதிராகத் தாங்காது. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் நின்றது உண்மை. ஆனால் அது பொதுப் பூங்கா நிலத்தில் உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் வரும் விவகாரம். கூட்டரசுப் பிரதேசத்துக்கு உள்ள தனிச் சட்டத்தின் கீழ் வந்தது.

## கிராண்ட் இல்லாதவர்கள்

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நோட்டீஸ் போவது நில உரிமையாளருக்கு. லயத்தில் இன்னும் குடியிருப்பவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அது வராது. பட்டறை எண்ணெய் ஓடும் வடிகால் அவர்கள் வீட்டு முன்னாலேயே போனாலும் வராது. லயத்தின் உரிமையாளர் தோட்ட நிர்வாகம். நிர்வாகத்துக்கு வந்த தாள் நிர்வாக அலுவலகத்தோடு நின்றுவிடலாம்.

நீங்கள் அப்படிப்பட்ட வீட்டில் இருந்தால், முதலில் தோட்ட நிர்வாகத்திடம் போய், அப்படி ஒரு அறிவிப்பு வந்ததா, பதில் கொடுத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சிலாங்கூரில் மாநில அரசு நியமிக்கும் இந்திய சமூகத் தலைவர் இருப்பார். அவர் வழியாகவும், உங்கள் பகுதிக் கவுன்சிலர் வழியாகவும் கடிதம் கழகத்துக்குப் போகட்டும். பள்ளியும் கோயிலும் பக்கத்தில் இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆலய நிர்வாகமும் தனித்தனியாக எழுதட்டும். ஒரே வாசகத்தில் நூறு கையெழுத்து வைப்பதைவிட, தன் வீட்டு எண்ணும் வடிகாலின் படமும் வைத்துத் தனித்தனியாக எழுதிய ஐந்து கடிதங்களுக்கு எடை அதிகம் என்பது என் கருத்து. மலாயில் எழுதுங்கள். விண்ணப்ப எண்ணும் லாட் எண்ணும் முதல் வரியிலேயே இருக்கட்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.